ஆறு வயசில் மேடை, பதிமூன்றில் சொந்தக் கம்பெனி: குழந்தை நடிகர்களின் வேலை நேரம் பற்றி அவ்வை சண்முகத்தின் கதை என்ன சொல்கிறது?

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கேரளா, ஏலக்காய்க் காடு. அதே சாலையில் சில நாட்கள் வேறு வண்டிகளும் ஏறும். ஜெனரேட்டர் வண்டி, கேரவன், லைட் ஏற்றிய லாரி. 'மைனா' எடுத்த குரங்கணி இங்கேதான். 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தின் களமும் இந்தச் சரிவுகள்தான்.

அந்த ஷூட்டிங் வண்டிகளில் ஒன்றில் எட்டு வயசுக் குழந்தை ஒன்று நடிக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விதிப்படி, படத் தயாரிப்பாளர் தேனி மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்தக் குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. தொடர்ந்து 3 மணி நேரம் ஆனால் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு குழந்தை நடிப்பதற்குக் கலெக்டர் அனுமதி எதற்கு, கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த விதி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு குழந்தை நடிகரின் நாள் எப்படி இருந்தது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அதற்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். அங்கே நமக்கு வழிகாட்ட ஒருத்தர் இருக்கிறார். 'அவ்வை' டி.கே.சண்முகம்.

யார் இந்த சண்முகம்?

கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' தெரியும், இல்லையா? 1996-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் இவருக்குச் செய்த மரியாதை. சிறுவனாக சினிமாவில் நடித்துவிட்டு வந்த கமல், கொஞ்ச காலம் நாடகம் பயின்றது சண்முகத்தின் டி.கே.எஸ். நாடக சபாவில்தான். 'அவ்வையார்' நாடகத்தில் ஆணாக இருந்துகொண்டு கிழவியாக நடித்துப் பெயர் வாங்கியதால் 'அவ்வை' என்ற அடைமொழி சண்முகத்துக்கு ஒட்டிக்கொண்டது.

பிறந்தது 1912-ல், திருவனந்தபுரத்தில். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர். பெண் வேடம் கட்டுபவர். நாடகக்காரர் வீட்டில் வருமானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி ஓடினால் சோறு, நின்றால் கடன்.

1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு பையன்கள் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். பெயர் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை. அண்ணன்கள் சங்கரன், முத்துசாமி ஆகியோரோடு சண்முகமும் அதில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 6. இன்றைய கணக்கில் ஒன்றாம் வகுப்பு.

'பாய்ஸ் கம்பெனி' என்றால் என்ன?

சங்கரதாஸ் சுவாமிகளைத் தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்பார்கள். இன்றைக்கும் மதுரை, தேனி வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களை எழுதியவர் அவர்தான். போடிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

அவர் ஏன் பெரியவர்களை விட்டுவிட்டுப் பையன்களைத் தேடிப் போனார்? பெரிய நடிகர்கள் அவர் எழுதிய வசனத்தைப் பேசாமல், மேடையில் தோன்றியதைப் பேசினார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் போட்டி போட்டுப் பாடி நாடகத்தையே திசை திருப்பினார்கள். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார்கள். பையன்கள் என்றால் கட்டுப்பாடு இருக்கும், பாடத்தை அப்படியே ஒப்பிப்பார்கள், குரலும் இனிமையாக இருக்கும். கலைக்காக எடுத்த முடிவுதான் அது. சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி முதலாளிகளுக்கு அதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. சின்னப் பையன் எதிர்த்துப் பேச மாட்டான், சம்பளம் கேட்க மாட்டான், வேலை நேரம் கேட்கவே மாட்டான்.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே முறைதான். இத்தனை வருஷம் கம்பெனியில் இருப்பான் என்று பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள். பையன் கம்பெனி வீட்டில் தங்குவான். சாப்பாடு, துணி கம்பெனி பொறுப்பு. சின்னதாக ஒரு சம்பளம், அதுவும் வீட்டுக்குப் போகும். ஊர் ஊராக முகாம். ஒரு ஊரில் கூட்டம் குறைந்தால் தட்டுமுட்டுச் சாமான், திரைச்சீலை, பெட்டிகளோடு அடுத்த ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

ஒரு ராத்திரியின் கணக்கு

இப்போது கடிகாரத்தைக் கவனியுங்கள்.

நாடகம் தொடங்குவதே இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு. ஊர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டுமே! முடிய நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணி ஆகும். சில நாள் அதற்கு மேலும். மைக் கிடையாது. கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாட வேண்டும். மேடைக்கு காஸ் லைட் வெளிச்சம். முகத்தில் அரிதாரம், தலையில் கனமான கிரீடம்.

இன்றைய சட்டம் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் 5 மணி நேரம், அன்றைக்கு நாடகத்திலேயே தீர்ந்துவிடும். வேஷம் போடவும் கலைக்கவும் ஆகும் நேரம் இதில் சேராது. மறுநாள் பகலில் பாட்டுப் பயிற்சி, வசனப் பாடம், ஒத்திகை, அடுத்த நாடகத்துக்கான தயாரிப்பு ஆகியவையும் சேராது. பாடம் வராவிட்டால் அடி. வாத்தியாரின் பிரம்பு அன்றைக்கு எல்லாக் கம்பெனியிலும் இருந்த பொருள், ஆர்மோனியப் பெட்டியைப் போல.

பள்ளிக்கூடம்? அது கம்பெனிக்குள் வராத விஷயம். எழுத்தறிவு, தமிழ், புராணம், சங்கீதம் எல்லாம் கம்பெனி வாத்தியாரிடமும் நாடகப் பிரதியிலும் கற்றதுதான். சண்முகம் பிற்காலத்தில் நல்ல தமிழில் புத்தகங்கள் எழுதினார் என்றால், அந்தத் தமிழ் மேடையில் விழித்துக் கிடந்த இரவுகளில் சேர்த்தது.

அபிமன்யு: பெருமையா, பாரமா?

சண்முகத்தின் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது நாடக உலகம் தவறாமல் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. சிறுவன் சண்முகம் கதாநாயகனாக நடிப்பதற்காகவே சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதினார். பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்துவிட்டார்.

தமிழ் நாடகத்தின் மிகப் பெரிய வாத்தியார் பத்து வயசுகூட நிரம்பாத ஒரு பையனை நம்பி நாடகம் எழுதுகிறார். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்? சண்முகம் கடைசிவரை அந்தக் குருபக்தியோடுதான் வாழ்ந்தார். சுவாமிகளின் பெயர் மறக்கப்படாமல் இருக்க அவர் அளவுக்குப் பாடுபட்டவர்கள் குறைவு.

ஆனால் அதே சம்பவத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். கதாநாயகன் என்றால் நாடகம் முழுக்க மேடையில் இருக்க வேண்டும். எல்லாப் பாட்டும் அவன் தலையில். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கு அன்றைக்கு வசூல் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பாடு ஒரு சின்னப் பையனின் தொண்டையில் தொங்கும். குழந்தை நடிகர்களின் உழைப்பைப் பேசும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். உடம்பு படும் பாட்டோடு, நான் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்ற நினைப்பும் அந்தக் குழந்தையை அழுத்தும். அதைக் கடிகாரத்தால் அளக்க முடியாது.

இன்னொரு பயமும் எல்லாப் பையன்களுக்கும் உண்டு. குரல் உடைவது. பதிமூன்று, பதினாலு வயசில் தொண்டை மாறும். நேற்றுவரை கதாநாயகனாகவோ கதாநாயகியாகவோ நின்றவன், இன்றைக்குப் பாட முடியாமல் ஓரமாக நிற்பான். திரும்பிப் போகப் பள்ளிக்கூடமும் இல்லை, கையில் வேறு தொழிலும் இல்லை. குரல் போனதும் பையன் தேவையில்லை என்று ஆன கம்பெனிகள் இருந்தன.

பையன் முதலாளி ஆனான்

1922-ல் சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். அதற்குள் சண்முகம் சகோதரர்களுக்கு நாடகத்தைத் தவிர வேறு உலகம் இல்லாமல் போயிருந்தது. 1925-ல் சகோதரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை. சண்முகத்தின் பெயரே கம்பெனியின் பெயரிலும் இருந்தது. வயது 13. தம்பி பகவதி அவரைவிடவும் சின்னவர். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று ஊர் அறிந்தது இவர்களைத்தான்.

இங்கேதான் இந்த வாழ்க்கை சுவாரசியமாகவும் சங்கடமாகவும் மாறுகிறது. நேற்றுவரை முதலாளியின் கடிகாரத்துக்கு ஓடிய சிறுவன், இப்போது மற்றச் சிறுவர்களின் கடிகாரத்தை வைத்திருக்கும் குடும்பத்தில் ஒருத்தன். இவர்களும் இரவில்தான் நாடகம் போட்டார்கள். இவர்களிடமும் பையன்கள்தான் நடித்தார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியாது, அன்றைய நாடகத் தொழிலுக்கும் தெரியாது.

அந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். என்.எஸ்.கிருஷ்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம், பிற்காலத்தில் 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன் என நீளும் அது. எஸ்.எஸ்.ராஜேந்திரனும் அங்கே நடித்தவர். அவர் 1962-ல் தேனி தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். போடிக்குப் பக்கத்துத் தொகுதி, ஒரு பாய்ஸ் கம்பெனிப் பையனை எம்.எல்.ஏ. ஆக்கியது. அதே மாவட்டத்தின் ஆண்டிபட்டியில் 1984-ல் ஜெயித்த எம்.ஜி.ஆரும் சின்ன வயசில் வறுமை தாங்காமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர்தான்.

அப்படின்னா பாய்ஸ் கம்பெனி நல்லதுதானே, இத்தனை பேரை உருவாக்கியிருக்கிறதே என்று தோன்றும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் ஜெயித்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் கூட்டத்தில் நின்று பாடிய, குரல் உடைந்ததும் காணாமல் போன, நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பிய பையன்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வைத்து ஒரு முறையை எடை போட்டால் எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும். இன்றைய ரியாலிட்டி ஷோ மேடைகளுக்கும் இது பொருந்தும்.

அப்போது சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?

நாடகத்தைக் கவனிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1876-லேயே பிரிட்டிஷ் அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆட்சிக்கு எதிரான வசனம் இருக்கிறதா, தேசபக்திப் பாட்டு இருக்கிறதா என்று போலீஸ் பார்த்தது. அந்த வசனத்தை ராத்திரி இரண்டு மணிக்குப் பேசும் பையனுக்கு வயசு என்ன என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இத்தனைக்கும் அதே பிரிட்டிஷார் தங்கள் ஊரில் 1889-லேயே சின்னக் குழந்தைகளை நாடகக் கொட்டகையில் வேலை வாங்க வயது வரம்பும் உரிமமும் கொண்டுவந்துவிட்டார்கள். லண்டன் குழந்தைக்கு ஒரு நியாயம், மதுரைக் குழந்தைக்கு ஒரு நியாயம்.

இங்கே சட்டங்கள் மெதுவாக வந்தன. 1933-ல் குழந்தைகளின் உழைப்பை அடமானம் வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று ஒரு சட்டம். 1938-ல் ரயில்வே, துறைமுகம் போன்ற இடங்களில் சிறுவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம். பீடி, தீப்பெட்டி, கம்பளம் போன்ற தொழில்களும் அதன் பட்டியலில் இருந்தன. நாடகம் இல்லை. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம். அதிலும் மேடை வராது.

1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. போடி மலைக்கு மேலே இருப்பவர்களுக்கு இது முக்கியம். 12 வயது முடியாத குழந்தையைத் தோட்ட வேலையில் வைக்கக் கூடாது என்றது. பெண்களையும் குழந்தைகளையும் மாலை 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன், அரசு அனுமதி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றது. குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேல் உள்ள தோட்டங்களுக்குத்தான் அது பொருந்தும் என்பதால் சின்னத் தோட்டங்கள் தப்பித்தன. காகிதத்தில் இருந்தது களத்தில் எவ்வளவு நடந்தது என்பது தனிக் கேள்வி.

ஆனாலும் இந்த முரணைப் பாருங்கள். மலை மேலே தோட்டத்தில் நிற்கும் ஒரு சிறுமிக்கு இருட்டினால் வேலை கிடையாது என்று சொல்ல ஒரு சட்டம் வந்துவிட்டது. மலை அடிவாரத்தில் நாடகக் கொட்டகையில் நிற்கும் சிறுவனுக்கு இருட்டினால்தான் வேலையே தொடங்கும். அவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. காரணம் எளிது. தோட்ட வேலை உழைப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாட்டுப் பாடுவதை உழைப்பு என்று யாரும் நினைக்கவில்லை. அது திறமை, அது கலை, அது கடவுள் கொடுத்த வரம். வரத்துக்கு யார் நேரம் குறிப்பார்கள்?

மேடையிலிருந்து சினிமாவுக்கு

1935-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'மேனகா' படத்தில் நடித்தார்கள். சினிமா வந்ததும் பல நாடகக்காரர்கள் மேடையை விட்டுப் போனார்கள். சண்முகம் படங்களில் நடித்தாலும் நாடகத்தை விடவில்லை. 1942-ல் 'அவ்வையார்' மேடையேறியது. முப்பது வயது ஆண், கூன் விழுந்த கிழவியாக மேடையில் நடமாடினார். குழந்தையாக இருந்தபோது பெரியவர் வேஷம் போட்ட மேடைதான் அவருக்கு இந்தக் கலையையும் கொடுத்தது. 1944-ல் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலை மாநாடு நடத்தியதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. பிறகு 'ராஜராஜ சோழன்' நாடகம். 1971-ல் பத்மஸ்ரீ.

1972-ல் 'எனது நாடக வாழ்க்கை' என்று தன் கதையைப் புத்தகமாக எழுதினார். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எப்படி இருந்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதற்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். அடுத்த வருஷமே, 1973 பிப்ரவரியில் காலமானார். வயது 60. அதில் மேடை வாழ்க்கை மட்டும் 55 வருஷம்.

அவர் உயிரோடு இருந்தவரை இந்தியாவில் ஒரு குழந்தை நடிகரின் வேலை நேரத்துக்கென்று தனி விதி வரவில்லை. 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல் நடித்தபோதும் அதே நிலைதான். கேமரா மாறியது, விளக்கு மாறியது, கடிகாரம் மட்டும் மாறவில்லை.

காசு யாருக்கு?

நேரத்தைப் போலவே இன்னொரு கேள்வி, குழந்தை சம்பாதித்த பணம் யாருடையது என்பது. இதில் உலகத்துக்குப் பாடம் சொன்னது அமெரிக்காவின் ஜாக்கி கூகன் வழக்கு. சார்லி சாப்ளினோடு 1921-ல் 'தி கிட்' படத்தில் நடித்த அந்தக் குட்டிப் பையன்தான். சின்ன வயசில் கோடிக்கணக்கில் சம்பாதித்தான். பெரியவனாகிக் கணக்குக் கேட்டபோது, தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டது தெரிந்தது. 1938-ல் வழக்குப் போட்டார். சம்பாதித்ததில் ஒரு சின்னப் பங்குதான் கிடைத்தது. அதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

இந்தியாவில் எப்போது வந்தது?

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம் வந்தபோது, தடை செய்யப்படாத இடங்களில் வேலை பார்க்கும் குழந்தைகளுக்கு நேர வரம்பு வைத்தார்கள். 3 மணி நேரத்துக்கு ஒரு இடைவேளை, ஓய்வும் சேர்த்து 6 மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை இல்லை. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று பொதுவாகத் தடை வந்தது. அதில் இரண்டு விலக்குகள். ஒன்று, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவது. இன்னொன்று, சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக இருப்பது. சர்க்கஸுக்கு இந்த விலக்கு கிடையாது.

அந்த இரண்டாவது விலக்குக்கான நிபந்தனைகளை 2017-ல் வந்த விதிகள் சொல்கின்றன. சுருக்கமாக:

• ஒரு நாளைக்கு அதிகபட்சம் 5 மணி நேரம். ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது.
• தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
• வேலை நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரம், குழந்தைகள் பட்டியல், பெற்றோர் சம்மதம் எல்லாம் தர வேண்டும். அந்த உறுதிமொழி 6 மாதம் செல்லும்.
• ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் வேண்டும்.
• பள்ளிப் படிப்பு விட்டுப் போகாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.
• வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். மேஜர் ஆனதும் அது குழந்தைக்கு.
• குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் நடிக்க வைக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை சண்முகத்தின் குழந்தைப் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். நேரம், ஓய்வு, படிப்பு, பணம், பொறுப்பாளர், விருப்பம் என ஒவ்வொரு வரியும் அன்றைக்கு இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது.

விதி வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. முதல் சிக்கல், 5 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? போடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு மலை ஏறி, மேக்கப் போட்டு, மேகம் விலகும்வரை காத்திருக்கும் குழந்தைக்கு, கேமரா ஓடிய நேரம் மட்டும்தான் வேலை என்று கணக்கு எழுதினால் விதி பொய்த்துப்போகும்.

இரண்டாவது, யார் பார்ப்பது? அனுமதிக் கடிதம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும். ஷூட்டிங் மலைச் சரிவில் நடக்கும். நடுவில் இருப்பது பெற்றோரும் யூனிட்டும்தான். பெரும்பாலான பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. கண்ணுசாமிப் பிள்ளையும் கெட்டவர் இல்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு ஷாட், இத்தோடு முடிந்துவிடும் என்று டைரக்டர் கேட்கும்போது, முடியாது என்று சொல்லும் தைரியம் பல பெற்றோருக்கு வராது. அடுத்த வாய்ப்பு போய்விடுமே என்ற பயம். விதி இருப்பதே அந்த இடத்தில் பெற்றோருக்குப் பதிலாகப் பேசத்தான்.

மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே ஓடும் கேமரா. குழந்தையை வைத்து ரீல்ஸ் எடுக்கும், யூடியூப் சேனல் நடத்தும் குடும்பங்கள் இன்றைக்கு நிறைய. அங்கே தயாரிப்பாளரும் அப்பா, டைரக்டரும் அப்பா, பொறுப்பாளரும் அப்பா. ஸ்பான்சர் வந்து பணம் வர ஆரம்பித்த பிறகு அது விளையாட்டா, வேலையா? ஒரு வகையில் இது பழைய நாடகக் குடும்பத்தின் புது வடிவம். குழந்தை நின்றால் வீட்டு வருமானமும் நிற்கும்.

எங்காவது ஒரு குழந்தையை அளவுக்கு மீறி வேலை வாங்குவதைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அது மில், ஹோட்டல் வேலைக்கு மட்டுமானதில்லை. ஷூட்டிங் ஸ்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

சண்முகம் தன் குழந்தைப் பருவத்தை நினைத்துப் புலம்பிய மனிதர் இல்லை. மேடைதான் தன்னை ஆளாக்கியது என்று நம்பியவர். அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. விதி போடுவதால் கலை அழிந்துவிடாது. இன்னொரு சண்முகம் வருவதை யாரும் தடுக்கப் போவதும் இல்லை. அவன் வரட்டும், நடிக்கட்டும், பெயர் வாங்கட்டும். ராத்திரி தூங்கிவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டு வரட்டும்.

அடுத்த முறை போடிமெட்டு ஏறும்போது சாலையோரம் ஷூட்டிங் நடந்தால், கேமராவுக்குப் பின்னால் குடை நிழலில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கலாம். செல்ஃபி கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பாருங்கள்.